ஆறாம் நம்பர் வீட்டுக் கதவு

என் கலியாணத்தைப் பேசி முடித்த தரகர் அப்பாவிடம் மூன்று விசயம் சொன்னார். மாப்பிள்ளைக்குத் துறைமுக டொக்யாட்டில் நிரந்தர வேலை. குடி, சீட்டாட்டம் ஒன்றும் கிடையாது. ஊர் கப்பல்துறை. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய் என்பது தாலி கட்டி முடிந்து, மாட்டுவண்டிலில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் திருகோணமலைப் பட்டினத்து ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவள். அப்பா அங்கே ஒரு கந்தோரில் பியோன். எஸ்.எஸ்.சி. வரை படித்துக் கணக்கில் கோட்டை விட்டேன் என்றாலும் தமிழும் கொஞ்சம் இங்கிலீசும் தடங்கலில்லாமல் எழுதுவேன். அதில் எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. நாடு சுதந்திரம் அடைந்து சில வருசம் ஆகியும் துறைமுகம் இன்னும் வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது. டொக்யாட் மாப்பிள்ளை என்றால் திருகோணமலையில் பெண் வீட்டார் மறுபேச்சுப் பேசாத காலம்.

கப்பல்துறை வரைக்கும் காரில் வந்தோம். கண்டி வீதியில் இரண்டு கடை, பள்ளிக்கூடம், பஸ் நிற்கிற இடம் எல்லாம் இருந்தன. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு மாட்டுவண்டில் காத்து நின்றது. பெட்டியையும் என்னையும் ஏற்றினார்கள். வண்டில் கடைகளைத் தாண்டியது, பள்ளிக்கூடத்தைத் தாண்டியது, கடைசி வீட்டையும் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியது.

"கப்பல்துறை முடிஞ்சுதே?" என்று கேட்டேன்.

என் புருசன் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சத் தூரம்" என்றார்.

"என்ன ஊருக்குக் கொஞ்சத் தூரம்?"

சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பனிச்சமோட்டை."

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன். பட்டினத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். பனிச்சை மரங்கள் நின்ற ஒரு சின்னக் குளம், அதுதான் மோட்டை. அதைச் சுற்றிப் பதினொரு வீடு. குலைப்பன் காய்ச்சல் ஊர் என்று பெயர். அங்கே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று மைல் காட்டுப் பாதையும் தரகரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே போனேன். வண்டில்காரர் அடக்க முடியாமல் சிரித்தார். என் புருசன் நான் திட்டிய ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுசன், அன்றைக்கே அது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகுதான் விளங்கியது, பொய் சொன்னது தரகர் மட்டுமில்லை என்று. அந்த ஊரே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. குலைப்பன், அதாவது மலேரியா, வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கும். அப்படி நடுங்குகிறவனை வேலைக்கு எடுக்க ஒரு கங்காணியும் விரும்ப மாட்டான். ஆகவே டொக்யாட் வேலைக்குப் போகும்போது ஆண்கள் ஊர் கப்பல்துறை என்று சொன்னார்கள். பெண் கேட்டுப் போனாலும் கப்பல்துறை. ஆஸ்பத்திரியில் கப்பல்துறை. பிறப்புப் பதிவில் கப்பல்துறை. இதில் ஏமாற்று ஒன்றும் இருப்பதாக யாருக்கும் படவில்லை. பட்டினத்துக்குப் போகும்போது வெள்ளை வேட்டி கட்டுகிறோம் அல்லவா, அதுபோல ஊரும் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

நான் வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கு ஒரு கையெழுத்தும் கிடைத்தது. ஊரில் எனக்கு மட்டும்தான் எழுத்து ஓடும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, அரிசிக் கூப்பன் அட்டை எடுக்க, பெயர்ப் பதிவுக்கு, மகனுக்குக் கடிதம் போட என்று எல்லோரும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். முகவரி என்ற இடத்தில் நான் யாரையும் கேட்காமலே கப்பல்துறை என்று எழுதுவேன். என் மகள் பிறந்தபோது பதிவுக்காகக் கிராமத் தலைமைக்கார விதானையாருக்குக் கொடுத்த கடதாசியிலும் அப்படித்தான் எழுதினேன். அவர்கள் வெட்கத்தில் சொன்ன பொய்யை நான் அழகான எழுத்தில் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை. வாரத்துக்கு ஒருமுறை, "பட்டினத்துக்குப் போவம்" என்பேன். அவர் "ஓம்" என்பார். அடுத்த வாரமும் சொல்வேன். அவர் அதே "ஓம்"தான் சொல்வார்.

அந்த ஊருக்குத் தவறாமல் வந்த அரசாங்க ஆள் ஒருவர்தான். மலேரியாக்காரர். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனுசன். முதுகில் மருந்துத் தாங்கியோடு, இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு, வருசத்தில் இரண்டு மூன்று தடவை காட்டுப் பாதையால் நடந்து வருவார். சாமானை எல்லாம் முற்றத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுச் சுவர் முழுக்க டி.டி.ரி. அடிப்பார். சுவரெல்லாம் வெள்ளை பூத்துவிடும். மணம் ஒரு கிழமைக்குப் போகாது. பூனைகள் செத்தன, மூட்டைப்பூச்சி மட்டும் முன்னைவிடக் கூடிவிட்டதென்று பெண்கள் சத்தியம் செய்தார்கள். அடித்து முடிந்ததும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அட்டையில் திகதி எழுதிக் கையெழுத்து வைப்பார். கதவின் முன்பக்கத்தில் தகர அச்சு வைத்துக் கறுப்பு மையால் வீட்டு இலக்கம் போட்டிருந்தார்கள். எங்கள் வீடு ஆறு.

எனக்கு அந்த ஆறைக் கண்டாலே பிடிக்காது. மாட்டுக்குக் குறி சுட்டதுபோல, காய்ச்சல் வீடு என்று கதவிலேயே எழுதி ஒட்டினதுபோல இருந்தது. அப்பா என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பிய வாரம், முதல் வேலையாக அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு புருசனிடம் சொல்லி, டொக்யாட்டில் மிஞ்சிய சாம்பல் நிற மையில் ஒரு தகரம் கொண்டுவரச் செய்தேன். கப்பலுக்கு அடிக்கிற மை அது. அவர் கதவை மேலிருந்து கீழ்வரை பூசினார். ஆறு மறைந்தது. அதற்குப் பிறகு மூன்று நான்கு வருசத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு அந்தக் கதவுக்கு மை பூசுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

அடுத்த தடவை வந்த மலேரியாக்காரர் ஆணியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"தங்கச்சி, கார்டக் கிழிச்சுப் போட்டா நான் எதில கையெழுத்து வெக்கிற?" என்று கேட்டார்.

"ஏன், உங்கட புத்தகத்தில வையுங்கோ" என்றேன்.

அவர் புது அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் போனார். அதையும் கிழித்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. மருந்தை அடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஏழாம் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஏழாம் வீட்டில் என் மச்சாள் இருந்தாள், புருசனின் அக்கா. எழுத்து வாசனை துளியும் இல்லாதவள். நாக்கு மட்டும் நல்ல கூர். அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அட்டைக்கு மேல் அட்டையாகத் தடித்துக்கிடக்கும். அவளை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். "என்ன மச்சாள், வைத்தியசாலையோ வச்சிருக்கிறியள்?" என்று கேட்பேன். "அரசாங்கக் கடதாசி. எறியப் பயமா இருக்கு" என்பாள். படித்த எனக்குப் பயமிருக்கவில்லை.

வருசங்கள் போயின. வெள்ளைக்காரன் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனான். என் புருசன் அதே டொக்யாட்டில், அதே வேலையில் இருந்தார். சாம்பல் மைத் தகரம் முடிந்தது. கடையில் வாங்கிப் பச்சை பூசினோம், பிறகு நீலம். குலைப்பன் குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போனது. கொயினா மருந்தின் கசப்பை மறந்துபோன பிள்ளைகள் ஊரில் ஓடித் திரிந்தார்கள். குளத்தின் கீழே வயல் நன்றாக விளைந்தது. நான் வைத்த மாதுளை காய்த்தது. என் மகள் மோட்டையில் நீந்தப் பழகினாள். மழைக்காலத்தில் குளம் நிரம்பிக் கலிங்கால் தண்ணீர் விழுகிற சத்தம் குசினிக்குள் கேட்கும். பட்டினத்துக்குப் போவோம் என்று நான் சொல்வது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் ஒருநாள் பகிடிக்காவது கேட்டிருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பதினொரு வீட்டுக்கும் ஒரே கடிதம். வாசிக்க எல்லோரும் என் வாசலுக்கு வந்தார்கள். நான் சத்தமாக வாசித்தேன். பனிச்சமோட்டையைச் சுற்றியுள்ள நிலம் அரசாங்கக் காடு. அதை அத்துமீறிப் பிடித்திருப்பவர்கள் வெளியேற வேண்டும். குறித்த ஒரு வருசத்துக்கு முன்பிருந்தே குடியிருப்பதாக நிரூபிக்கிறவர்களுக்கு மட்டும் பெர்மிட் கொடுப்பது பற்றி விசாரிக்கப்படும். அந்த வருசம், வெள்ளைக்காரன் துறைமுகத்தை ஒப்படைத்த வருசம்தான்.

"அதுக்கென்ன, நாங்கள் எந்தக் காலத்தில இருந்து இருக்கிறம்!" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். கடிதத்தை மடிக்கும்போது, வெளியேற வேண்டும் என்ற வரியைத் திரும்பவும் வாசித்தேன். எங்கே போவது? அப்பாவின் வீடு தம்பிக்குப் போய்விட்டது. ஆனால் அதுவல்ல காரணம். போக எனக்கு விருப்பமில்லை. ஒரு காலத்தில் வண்டிலில் இருந்தே குதித்து ஓடப் பார்த்த ஊரை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அதை அன்றைக்குத்தான் நான் கண்டுபிடித்தேன்.

விசாரணைக்குக் கச்சேரிக்கு நான்கு பேர் போனோம். பேசத் தெரிந்தவள் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். காணி அதிகாரி கண்ணாடி போட்ட, பொறுமையான மனுசன். "உங்கட ஊரின்ர சரித்திரத்தை எழுதிக்கொண்டு வாங்கோ. ஆர் முதல் வந்தது, எப்ப வந்தது, எல்லாம் எழுதுங்கோ" என்றார்.

அப்படித்தான் அந்த ஊரின் சரித்திரத்தை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. பதினெட்டு வருசம் அந்த ஊரின் பெயரை ஒரு கடதாசியிலும் எழுதாதவள், வீடு வீடாகப் போய் அதன் கதையைக் கேட்டேன். முதல் வீட்டில், வெருகல் ஆறு பெருகி வீடு வாசல் எல்லாம் அள்ளிக்கொண்டு போன ஒரு வருசத்தில் நான்கு குடும்பம் இங்கே வந்ததாகச் சொன்னார்கள். இரண்டாம் வீட்டில், வெள்ளமுமில்லை ஒன்றுமில்லை, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று சண்டை பிடித்துக்கொண்டு கோபித்து வந்தவர்கள் என்றார்கள். நான்காம் வீட்டுக் கிழவர் இரண்டையும் கேட்டுச் சிரித்தார். தொலைந்த எருமையைத் தேடி வந்த தன் பாட்டன், அது இந்த மோட்டையில் சுகமாகப் படுத்திருப்பதைக் கண்டு, எருமைக்கே பிடித்த இடம் என்று தானும் தங்கிவிட்டானாம். யுத்த காலத்தில் சப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது பட்டினத்துச் சனம் காட்டுக்குள் ஓடி வந்ததையும், மூன்று நாள் அவர்களுக்குக் குரக்கன் கூழ் காய்ச்சி ஊற்றியதையும் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். கூழ் குடித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள்தான் பிறகு குலைப்பன் ஊர் என்று சொன்னார்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். நான் பட்டினத்துக்காரி, தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

பன்னிரண்டு பக்கம் வந்தது. வெள்ளம், சண்டை, எருமை மூன்றையுமே எழுதினேன். ஒன்றை விட்டால் மற்ற வீட்டார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதிகாரி முழுவதையும் இருந்து வாசித்தார். எருமை வந்த இடத்தில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கதை நல்லா இருக்கு அம்மா. ஆனா இதைப் பார்த்து நான் பெர்மிட் குடுக்க ஏலாது. இந்த ஊர்ப் பேர் இருக்கிற ஒரு பழைய கடதாசி காட்டுங்கோ. ஒண்டு போதும்."

நாங்கள் கொண்டுபோன பொட்டலத்தை மேசையில் அவிழ்த்தோம். பிறப்புப் பத்திரங்கள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், டொக்யாட் பாஸ்கள், கூப்பன் அட்டைகள், நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கப்பல்துறை. கப்பல்துறை. கப்பல்துறை.

"நீங்கள் எல்லாரும் கப்பல்துறை ஆக்கள் போல கிடக்கு" என்றார். குரலில் கேலி இல்லை. "பனிச்சமோட்டையில ஒருத்தரும் பிறந்ததாகவோ, படிச்சதாகவோ இதில இல்லையே."

என்னோடு வந்த மூன்று பேரும் அந்தக் கடதாசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் எழுத்து யாருடையது என்று தெரியும். பாதிக்குமேல் என் கை. நெடிலை இழுத்து, புள்ளியை வட்டமாகப் போடுகிற என் அழகான கை. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. இரண்டு கிழமையில் தான் நேரில் வந்து ஒருமுறை பார்ப்பதாக அதிகாரி சொன்னார். அதற்குள் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடச் சொன்னார்.

ஊரில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசி மனதை ஆற்றியிருப்பேன். கடைசியில் மச்சாள் வீட்டுக்கு நானே வலியச் சண்டைக்குப் போனேன்.

"ஊர்ப் பேரைச் சொல்ல வெக்கப்பட்டது நீங்கள். எழுதின பாவம் எனக்கோ?" என்று வாசலில் நின்று கத்தினேன். "இத்தனை வருசத்தில ஒரு இடத்திலயாவது ஒருத்தராவது உண்மையைச் சொன்னீங்களோ?"

மச்சாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே சொன்னாள்: "ஏன், அந்த மலேரியாத் தம்பிக்குச் சொன்னனாங்கள்தானே. முதல் நாள் அவருக்கும் கப்பல்துறை எண்டுதான் சொன்னது. அந்தாள் சிரிச்சுப்போட்டு, கப்பல்துறைக்கு நேத்தே அடிச்சு முடிச்சிட்டம், இது என்ன ஊரு, உண்மையச் சொல்லுங்க எண்டுது. நடந்து வந்த மனுசனுக்குப் பொய் சொல்ல ஏலுமே? சொன்னம். எழுதிச்சுது."

நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

அட்டைகள் புகையில் பழுத்து, ஓரமெல்லாம் கரப்பான் தின்று, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியில் தொங்கின. மேலே கிடந்ததை எடுத்தேன். அதற்கடியில் இன்னொன்று. அதற்கடியில் இன்னொன்று. கடைசி அட்டை சுவரோடு ஒட்டிக்கிடந்தது. இங்கிலீசில், கோணல் எழுத்தில், வீட்டு இலக்கம் ஏழு. ஊர், பனிச்சமோட்டை. பக்கத்தில் திகதி. வெள்ளைக்காரன் போவதற்கு முந்தி, நான் கலியாணம் முடித்து வருவதற்கும் முந்தி.

நான் மச்சாளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள் கையில் சுளகு இருந்தது. அரிசி முழுவதும் கொட்டுண்டு போனது. "விசரோ உங்களுக்கு?" என்று கேட்டாளே தவிர, என்னை விலக்கவில்லை. விசயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் வந்த பெருமையை நான் சொல்ல ஏலாது. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஊரில் அவளோடு நிமிர்ந்து கதைக்க யாராலும் முடியவில்லை.

அன்றைக்கே வீடு வீடாக ஓடினேன். எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் அட்டை இருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் ஒரு துண்டையும் எறியவில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஏழிலிருந்து பதினொன்று வரை. பத்து வீடு தப்பியது. என் வீடு வந்தபோதுதான் ஓட்டத்தை நிறுத்தினேன். வெறும் ஆணி. அதில் என் குடையைத்தான் கொழுவி வைத்திருந்தேன்.

அதிகாரி சொன்ன நாளில் ஜீப்பில் வந்தார். காலையிலிருந்தே ஊர் முழுக்கக் குளித்து வெளிக்கிட்டு நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் போனார், அட்டையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். போகப்போக அவர் நடையில் ஒரு வேகம் வந்தது. அவருக்கும் சந்தோசம்தான் என்று எனக்குப் பட்டது. மச்சாள் வீட்டில் எல்லா அட்டையையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியாக என் வீடு.

"எங்க அட்டை?"

"நான் கிழிச்சுப்போட்டன்" என்றேன். பொய் சொல்ல எனக்கு இனித் தெம்பு இருக்கவில்லை. "காய்ச்சல் வீடு எண்டு சனம் நினைக்கும் எண்டு கிழிச்சனான்."

அவர் ஆணியில் தொங்கிய குடையை விலக்கிப் பார்த்தார். "ஆறாம் வீடு இடையில இருக்கவேணும் எண்டு எனக்கும் விளங்குது. ஆனா அது இந்த வீடுதான் எண்டு நான் எதைக் கண்டு எழுதுறது? இந்த வீடு போன வருசம் கட்டினது எண்டு நாளைக்கு மேலிடத்தில ஒருத்தர் கேட்டால்?"

பத்து வீட்டுக்காரரும் என் முற்றத்தில் நின்றார்கள். என் மகள் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பத்து வீட்டுக்கும் பெர்மிட் கிடைத்து, நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே மூன்று மைல் பாதையால் திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தேன்.

அப்போது மச்சாள் என் புருசனைப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, கதவில நம்பர் போட்டிருந்துதெல்லே? நீதானே மை பூசினனீ."

என் புருசன் உள்ளே போய், டொக்யாட்டுக்குக் கொண்டுபோகிற பையை எடுத்து வந்தார். இருபது வருசமாக அவர் செய்த வேலை அதுதான்: கப்பலின் பழைய மையைத் தட்டி எடுப்பது. உளி மாதிரி வாய் வைத்த சின்னச் சுத்தியல், சுரண்டுகிற தகடு, மண்ணெண்ணெய்த் துணி. கதவுக்கு முன்னால் குந்தினார். கையால் ஒருமுறை தடவிப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு தட்டத் தொடங்கினார்.

பலமாகத் தட்டவில்லை. கோழி கொத்துவது போன்ற சத்தம். மை சில்லுச் சில்லாகப் பறந்தது.

"நீலம்" என்றார், பொதுவில். "மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன வருசம்."

அதற்குக் கீழே இன்னொரு நீலம். பிறகு பச்சை. "இது புயல் அடிச்ச வருசத்துக்கு." அதிகாரி ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு பச்சை. பிறகு சாம்பல். நல்ல தடிப்பான, வெள்ளைக்காரன் கப்பலின் சாம்பல்.

அங்கே அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"இனித் தட்டினா அடியில இருக்கிற கறுப்பும் சேர்ந்து வந்திடும்" என்றார். மண்ணெண்ணெய்த் துணியைச் சாம்பல் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கிற நேரம் இருக்கும். ஊர் முழுக்க நின்றது. பிறகு துணியை எடுத்து, பெருவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். சாம்பல் களிம்பு மாதிரி வழிந்தது. ஒரு கறுப்பு வளைவு தெரிந்தது. துடைத்தார். வளைவு சுழித்து வட்டமானது.

ஆறு.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மாதமும் வருசமும். நான் இந்த ஊருக்கு வருவதற்கு இரண்டு வருசம் முந்தியது.

ஊர் போட்ட சத்தத்தில் ஜீப் டிரைவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கிப்போவதை, தலையிலிருந்து தண்ணீர்க்குடத்தை இறக்குவது போல, அவ்வளவு நன்றாக உணர்ந்தேன். அவர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், இதுக்கு இனி மை பூச வேண்டாம் என்ன?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். பதினெட்டு வருசத்தில் அவருடைய "ஓம்"களுக்கு நான் கொடுத்த முதல் பதில் அது.

பெர்மிட்டுக்கான விண்ணப்பப் பாரங்களை அதிகாரி அங்கேயே என் மேசையில் பரப்பினார். பதினொன்றையும் என்னைத்தான் நிரப்பச் சொன்னார். என் வீட்டுப் பாரத்தை முதலில் எடுத்தேன். பெயர் எழுதினேன். முகவரி என்ற இடம் வந்ததும் கை தன்பாட்டில் ஓடியது. கப்ப என்று மூன்று எழுத்துப் போட்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. பேனாவைத் தூக்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"வெட்டிப்போட்டு எழுதுங்கோ. வெட்டின இடத்தில ஒரு சின்னக் கையெழுத்து வையுங்கோ" என்றார்.

வெட்டினேன். பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். பனிச்சமோட்டை என்று எழுதினேன். புள்ளி வட்டமாகத்தான் விழுந்தது.

அந்த மலேரியாக்காரரை அதற்குப் பிறகு கிண்ணியாத் துறையில் ஒருமுறை கண்டேன். வேலையால் நின்றுவிட்டார், தாடி வெளுத்திருந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன மாதுளம்பழத்தைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க கிழிச்ச கார்டு மூணு, தங்கச்சி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

பெர்மிட் வந்தபோது அந்தப் பாரத்தின் பிரதியையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அலுமாரியில் சீலைகளுக்கு நடுவில் வைத்தேன். போன மாசம் மகளுக்குச் சம்பந்தம் பேசி ஒரு தரகர் வந்தார். தேத்தண்ணி குடித்தார். பையன் நல்ல இடம் என்றார். பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஊர் கப்பல்துறை எண்டு சொல்லிவிடட்டோ அம்மா? கேக்கிறதுக்கு நல்லா இருக்கும்."

நான் எழும்பிப் போய் அந்தக் கடதாசியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். "இதில என்ன ஊர் இருக்கோ அதைச் சொல்லுங்கோ" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கி வாசித்தார். வெட்டிக் கையெழுத்து வைத்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன அம்மா?"

"அது என்ர கலியாணத்துக்குத் தரகர் சொன்ன ஊர்" என்றேன்.